மீன், இறைச்சி என்ற மச்சத்தை விடுவதற்குச் சாமி அல்லாத காரணம் உண்டா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா கடற்றொழிலாளி. நான் யாழ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். கோயில், விரதம் எதிலும் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக இறைச்சி தின்பது சரிதானா என்று மனதுக்குள் ஓடுகிறது. சமயத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், மச்சத்தை விடுவதற்கு அறத்தின் பக்கமோ சூழலின் பக்கமோ நியாயம் இருக்கிறதா? மீனை விட்டால் எங்கள் ஊரில் என்னத்தைச் சாப்பிடுவது? கூழை என்ன செய்வது?"

இருக்கிறது, தம்பி. ஆனால் அது நீங்கள் வீட்டிலும் வீதியிலும் கேட்டுப் பழகிய நியாயம் இல்லை. அதோடு, அந்த நியாயத்தின்படி நடந்தால் முதலில் விடவேண்டியது மீனும் இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடவேண்டும். கால்நடைத் துறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன். மாட்டுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல், ஆட்டுக்குத் தடுப்பூசி, கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை, இதுதான் தொழில். மச்சத்தை விட்டுப் பதினாலு வருடம் ஆகிறது. அதற்கு முன்னர் தீபாவளிக்குப் பல வீடுகள் சேர்ந்து அடிக்கிற ஆட்டில் பங்கு இறைச்சி எடுக்க விடிய ஐந்து மணிக்கே பனையோலைக் குடலையோடு போய் நின்றவன். ஈரல் துண்டு என் பங்கில் விழவேண்டும் என்று சண்டை பிடித்ததும் உண்டு.

எங்கள் ஊரில் 'சைவம்' என்ற ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "நீங்கள் சைவமோ?" என்று ஒருவர் கேட்டால் கோயிலைக் கேட்கிறாரா சாப்பாட்டுக் கோப்பையைக் கேட்கிறாரா என்று இடம் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். மறுபக்கத்தில் 'மச்சம்'. சொல்லுக்குப் பொருள் மீன்தான். ஆனால் ஆடு, கோழி, முட்டை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வியாழக்கிழமை இரவே மச்சச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். என் அம்மம்மா குசினியை மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் வெள்ளிக்கிழமைக்குள் நுழைவா.

இந்த ஒழுங்கின் அடியில் இருப்பது துடக்கு, சுத்தம் என்ற கணக்கு. எது சட்டியைத் தீட்டாக்கும், எது ஆக்காது என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் ஆடு எங்கேயும் வராது. வெள்ளிக்கிழமை தப்பின ஆடு சனிக்கிழமை தப்பவில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத வீடுகள், திருவிழா முடிந்த கையோடு சந்தைக்கு ஓடுகின்றன. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. விரதம் விரதத்துக்குரிய வேலையைச் செய்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மச்சம் தின்னாதவர் உயர்வு, கடலுக்குப் போகிறவர் தாழ்வு என்ற பார்வை இந்தக் குடாநாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடிவந்தது. உங்கள் அப்பாவின் தொழிலைக் குறைவாகப் பேசிய வாய்களே அவர் பிடித்த பாரை மீனை விலைபேசி வாங்கித் தின்றன. மாட்டிறைச்சி விசயத்தில் இதே சுத்தக் கணக்கு முஸ்லிம் சனத்தின் மேல் திரும்பும். 2020இல் நாட்டில் மாடறுப்பதைத் தடைசெய்ய அமைச்சரவை இணங்கியபோது, மாட்டிறைச்சி தின்கிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கிக் கொடுக்கலாம் என்றும் சேர்த்தே முடிவெடுத்தார்கள். அறுபடும் மாடு வேறு நாட்டு மாடாக இருந்தால் சரியாம். மாட்டின் நோவைப் பற்றிய கவலையாக அது இருந்திருந்தால் அந்த இரண்டாவது வரி வந்திராது.

ஆக, மச்சத்தை விடுகிறவர் முதலில் செய்யவேண்டியது, 'நான் உன்னைவிடச் சுத்தம்' என்ற அந்தப் பழைய வாடையைக் கழுவுவது. அது இருந்தால் பேசுவது எதுவும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

நல்லூர் ஆறுமுக நாவலரையும் வடலூர் வள்ளலாரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். இருவரும் ஒரே காலத்தவர்கள். நாவலர் பிறந்தது 1822, வள்ளலார் 1823. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனவர்கள். எதிலுமே ஒத்துவராத அந்த இருவரும் புலால் விசயத்தில் மட்டும் ஒரே பக்கம். நாவலர் அதைச் சைவ ஒழுக்கத்துக்குள் வைத்தார், கோயிலில் ஆடு கோழி வெட்டுவதையும் கடுமையாக எதிர்த்தார். வள்ளலாருக்கு அது சீவகாருண்ணியம். பசித்த உயிரையும் வாடிய பயிரையும் கண்டு தாங்கமுடியாமல் வந்த முடிவு. யாழ்ப்பாணத்துக்கு நாவலர் வந்து சேர்ந்த அளவுக்கு வள்ளலார் வந்து சேரவில்லை. உங்கள் கேள்விக்கு வேண்டியவர் வள்ளலார்தான் என்பது என் எண்ணம். நல்லூர்க்காரர்கள் கோபிக்கக்கூடாது.

சரி, அறத்தின் பக்கம். தத்துவமாகச் சொல்வதைவிட நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீடு. புருசனை இழந்த ஒரு அம்மா, ஒரு ஜேர்சிக் கலப்புப் பசு, அந்தப் பாலை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பு. பசு கன்று போட்டு ஒன்பதாம் நாள் கன்று கழிச்சலில் செத்துப்போனது. கன்று இல்லாவிட்டால் சில பசுக்கள் பாலை அடக்கிக்கொள்ளும். மடி நிறைந்திருக்கும், சொட்டு இறங்காது. அந்த அம்மா பழைய வழியைச் செய்தா. செத்த கன்றின் தோலை உரிப்பித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கலை அடைத்துத் தைத்து, நாலு தடிக் கால்களில் நிறுத்திவைத்தா. பால் கறக்கும் நேரம் அதைப் பசுவின் முன்னால் கொண்டுவந்து வைக்க, பசு அதை நக்கும். நெற்றியிலிருந்து வால் வரைக்கும், நின்று நிதானமாக நக்கும். பால் இறங்கும்.

கன்று செத்த முதல் மூன்று நாளும் அந்தப் பசு இரவிரவாகக் கத்தியது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பட்டார். மூன்று கிழமை கழித்து நான் போனபோது தோலின் தையல் விட்டு வயிற்றுப் பக்கமாக வைக்கல் வெளியே வந்திருந்தது. பசு நக்கிக்கொண்டே வந்து, அந்த வைக்கலை இழுத்துத் தின்னத் தொடங்கியது.

அதைப் பார்த்து, "மாட்டுக்கு என்ன தெரியும், பாருங்கள், தன் கன்றின் குடலையே தின்கிறது" என்று ஒருவர் சொல்லலாம். சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மனிசர் மாதிரி மாட்டுக்கு நினைவும் சொல்லும் இல்லாமலிருக்கலாம். ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது என்று மூன்று நாள் கத்துவதற்கு வேண்டிய அளவு அதற்குள் இருக்கிறது. அறத்துக்கு அவ்வளவு போதும். வலி, பயம், பிரிவு என்பவை ஒரு உயிருக்கு உள்ளேயிருந்து உணரப்படும் என்றால், என் நாக்கின் ருசிக்காக அதைச் செய்யலாமா என்ற கேள்வியிலிருந்து நான் தப்பமுடியாது. அந்த அம்மாவில் எனக்குக் குறை இல்லை. அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. என் சம்பளத்துக்கு, என் வீட்டுச் சந்தைக்குப் பருப்பும் பயறும் கீரையும் எட்டும். தேவையில்லாமல் ஒரு உயிரை நோகவைப்பது பிழை என்று நாய்க்குக் கல்லெறியும் பெடியனுக்குச் சொல்கிறோம். அதே வசனம் என் கோப்பைக்கும் பொருந்தியபோது எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

"நான் கொல்லவில்லையே, வாங்கித்தானே தின்கிறேன்" என்று கேட்பார்கள். இதற்குத் திருவள்ளுவர் புலால் மறுத்தலில் சொன்ன மறுமொழி பொருளியல் படித்தவர் சொன்னமாதிரி இருக்கும்: தின்பதற்காகக் கொல்கிற உலகம் இல்லையென்றால், விலைக்காக ஊன் தருகிறவரும் இருக்கமாட்டார். வாங்குகிறவர் இருக்கிற இடத்தில் விற்கிறவர் வருவார். கத்தி பிடிக்கிறவரின் தலையில் மட்டும் பாவத்தைக் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவமுடியாது.

2017இல் யாழ் மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடைவிதித்துத் தீர்ப்புச் சொன்னபோது ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. வேள்வி ஆடுகளுக்காகக் கண்ணீர் விட்ட பலர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நின்றதையும் நான் கண்டேன். கோயில் வாசலில் மாலை போட்டு வெட்டினால் வதை, கடைக்குப் பின்னால் வெட்டினால் வியாபாரம். ஆட்டுக்கு இரண்டும் ஒரே கத்திதான். சொல்லப்போனால் வேள்விக்கு நேர்ந்துவிட்ட கிடாய் வருடம் முழுக்கச் செல்லமாக வளர்ந்தது. புறொயிலர் கோழிக்கு அதுவும் இல்லை.

கோழிக்கு வந்துவிட்டோம். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதும் இங்கேதான், ஏனென்றால் நானே பலரைக் கோழிக்கூடு போடவைத்தவன்.

கோழி விட்டுவைத்தால் ஐந்தாறு வருடம், சிலவேளை அதற்கு மேலும் இருக்கும். புறொயிலர் ஐந்தாறு கிழமையில் அறுப்புக்குப் போகிறது. அதாவது நாம் தின்பது உருவத்தில் கோழி, வயதில் குஞ்சு. கூட்டுக்குள் நின்று காதுகொடுத்தால் இன்னும் 'கீச், கீச்' என்ற குஞ்சுச் சத்தம்தான் கேட்கும். நெஞ்சுச் சதை வேகமாக ஏறவேண்டும் என்று தெரிவுசெய்து பெருக்கிய இனம் அது. கடைசிக் கிழமையில் உடம்பு பாரத்தில் கால் தாங்காமல் பல குந்திக்கொண்டே இருக்கும். முட்டைக்கும் ஒரு கதை உண்டு: முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவற்குஞ்சுகளால் யாருக்கும் இலாபம் இல்லை, ஆகவே உலகம் முழுவதும் பெரும்பாலானவை பொரித்த நாளிலேயே அழிக்கப்படுகின்றன. முட்டையைச் 'சைவ முட்டை' என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் இதை அறிவதில்லை. உலகத்தில் வருடத்துக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் அறுபடுகின்றன. உலகச் சனத்தொகை 800 கோடி.

இங்கே அறமும் சூழலும் ஒன்றோடொன்று முட்டும், அதை மறைக்கக்கூடாது. சூழல்காரர்கள் சொல்வது: மாட்டை விட்டுக் கோழிக்கு மாறுங்கள். அது உண்மைதான். 2018இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் யோசப் பூரும் சுவிற்சர்லாந்தின் தோமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவைச் சேர்த்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 100 கிராம் புரதம் எடுப்பதற்கு வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களைக் காபனீரொட்சைட்டின் அளவில் சொன்னால், இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்குச் சராசரி 50 கிலோ, ஆட்டுக்கும் செம்மறிக்கும் 20, பண்ணை இறாலுக்கு 18, கோழிக்கு 6க்குச் சற்றுக் குறைவு, முட்டைக்கு 4 சொச்சம். பருப்பு, பயறு வகைக்கு ஒரு கிலோவும் வராது. ஆனால் தலையை எண்ணிப் பாருங்கள். நம்மூர் மாடு ஒன்றில் நூறு கிலோ அளவில் இறைச்சி வரும், கோழியில் ஒன்றரைக் கிலோ. ஒரு மாட்டை விட்டுக் கோழிக்கு மாறினால் வானம் கொஞ்சம் மூச்சுவிடும், அறுபடும் உயிர் ஒன்றிலிருந்து அறுபதுக்கு மேல் போகும். அதனால்தான் 'சிவப்பு இறைச்சியை மட்டும் குறை' என்ற அறிவுரையில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சாய்வது பருப்பில்தான்.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணை நான் எங்கு போனாலும் சொல்வேன். உலகத்தின் விவசாய நிலத்தில் 83 சதவீதம் இறைச்சிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வளர்ப்பு மீனுக்கும் போகிறது, மேய்ச்சல் தரையும் தீன்பயிரும் சேர்த்து. அவ்வளவு நிலத்தையும் எடுத்துக்கொண்டு அவை உலகத்துக்குத் தருவது கலோரியில் 18 சதவீதமும் புரதத்தில் 37 சதவீதமும்தான். காரணம் எளிது. உயிர் தின்பதில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் நடக்கவும் மூச்சுவிடவும் போய்விடும். மிகத் திறமான கோழிகூடத் தின்ற புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இறைச்சியாகத் திருப்பித் தரும். உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் மனிசர் வாயில் போவதில்லை, விலங்குத் தீனுக்குப் போகிறது. எங்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2022இல் டொலர் முடிந்து தீன் வரவு சுருங்கியபோது கோழிக்கூடுகள் காலியாகின, முட்டை விலை ஏறியது, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள்.

"அது வெளிநாட்டுப் பண்ணைக் கணக்கு, எங்கள் வீட்டு ஆடு கிளுவங் குழையும் வாழைப்பழத் தோலும் தின்று வளர்கிறது" என்று கேட்டால், பாதி ஒத்துக்கொள்வேன். வேலிக் குழையில் வளர்ந்த ஆட்டுக்கு அமேசன் காட்டை வெட்டவேண்டியதில்லை, அதன் புழுக்கை தோட்டத்துக்கு உரம். ஆனால் குழை தின்றாலும் ஆடு ஏப்பம் விடும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் மெதேன் உண்டாவது தீனைப் பார்த்து நின்றுவிடாது. மற்றது, அந்த வேலிகள் எங்கே? கிளுவையும் பூவரசும் போய் ஊர் முழுக்க மதில். குழை கட்டு விலைக்கு வாங்கவேண்டிய காலம் இது. தீபாவளிக்கு யாழ்ப்பாணம் தின்னும் ஆட்டிறைச்சியை யாழ்ப்பாணத்து வேலிகள் வளர்த்திருக்க முடியாது. வருடத்துக்கு ஒரு பங்கு என்று இருந்த காலத்துக்குப் பொருந்திய நியாயம், கிழமைக்கு ஒரு கிலோவுக்குப் பொருந்தாது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். மரக்கறி தின்கிறவர் நிலத்துக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தமுடியாது, முக்கியமாக இங்கே. குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற நன்னீர்தான் எங்கள் முழுச் சொத்து. வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிக் கொட்டிய உரம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது, மலசலகூடக் குழிகளின் பங்கும் அதில் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்தப் பழியில் பெரும்பங்கு இல்லை. நெல்லும் அப்படித்தான்: தண்ணீர் கட்டிய வயல் மெதேன் விடும், உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோ அளவு காபனீரொட்சைட்டுக்குச் சமன். குரக்கன், சாமை, பயறு, உளுந்து பக்கம் கொஞ்சம் திரும்பினால் தண்ணீரும் மிஞ்சும். பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறதே என்று கேட்பார்கள். கப்பல் கூலி வாயுக் கணக்கில் மிகச் சிறிசு. எங்கள் சொந்தக்காரர் கனடா போனதில் கிளம்பிய புகை அந்தப் பருப்பு வந்ததில் கிளம்பியிராது.

இப்போது உங்கள் வீட்டு விசயம், மீன்.

இலங்கையில் தின்னும் விலங்குப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி கடலும் குளமும் தருவது. சிறுவலையோடு விடியப் போய் வருகிற ஒரு படகுக்கு நிலமும் வேண்டாம், தீனும் வேண்டாம். சூழல் கணக்கில் அந்த மீனை எதிர்த்து வாதாட எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நெத்தலி, சூடை போன்ற சின்ன மீனில் இன்னும் குறைவு. கடலை அழிப்பது வேறு. இழுவைமடி கடலடியைச் சுரண்டி, குஞ்சும் முட்டையும் பாறையும் சேர்த்து வாரிக்கொண்டு போவதை உங்கள் அப்பா எனக்குச் சொல்லித்தருவார். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வருகிற இழுவைப்படகு றோலர்களால் அறுபடும் வலைகளின் கதை இன்னும் முடியவில்லை. வளர்ப்பு இறாலையும் அந்தப் பக்கத்தில்தான் வைக்கவேண்டும். புத்தளத்தில் இறால் குளங்களுக்காகக் கண்டல் காடு போனது, பிறகு வெண்புள்ளி நோய் வந்து குளங்களும் கைவிடப்பட்டன.

அறத்தின் பக்கம் மீனுக்கு விலக்குக் கொடுக்க முடியவில்லை. மீனுக்கு நோவே தெரியாது என்றுதான் நானும் படித்தேன். 2003இல் பிரித்தானியாவில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரின் குழு, நோவை உணரும் நரம்பு முனைகள் திரவுட் மீனின் தலையில் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் தீனை விட்டுவிட்டு உதட்டைக் கல்லில் போய் உரசின. நண்டு, இறால், கணவாய் வகைகளையும் உணர்வுள்ள உயிர்கள் என்று பிரித்தானியா 2022இல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நண்டுக் கறிக்குப் பேர்போன ஊர்க்காரர் நாங்கள். உயிர்நண்டின் கால்களை ஒவ்வொன்றாக முறித்துச் சட்டியில் போடும்போது மிச்சக் கால்கள் சட்டி விளிம்பைப் பிராண்டுகிற சத்தம், சின்ன வயதில் எனக்குப் பசியைக் கிளப்பின சத்தம். இப்போது பக்கத்து வீட்டில் கேட்டாலும் எழும்பி வெளியே போய்விடுவேன்.

ஆனாலும் கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையிடம் முதலில் மீனை விடு என்று நான் சொல்லமாட்டேன். என் ஒழுங்கு இது: முதலில் புறொயிலர் கோழி, பிறகு மாடும் ஆடும், பிறகு வளர்ப்பு இறாலும் இழுவைமடி மீனும், பிறகு முட்டை. அப்பாவின் வலையில் வந்த மீன் கடைசி. அதை எப்போது விடுவது, விடுவதா என்பதை உங்கள் மனம்தான் சொல்லவேண்டும். ஊர்க்கணக்கில் மீன்தான் முதல் தீட்டு, பால் அமிர்தம். என் கணக்கில் அந்த வரிசை தலைகீழ்.

ஏனென்றால் பாலும் சும்மா வருவதில்லை. பசு கன்று போட்டால்தான் பால், போடுகிற கன்றில் பாதி நாம்பன், அதாவது ஆண் கன்று. உழுவதற்கு உழவு இயந்திரம் வந்தபிறகு நாம்பனுக்கு என்ன வேலை? அது எங்கே போகிறது என்று பால் வாங்குகிற சைவ வீடுகள் கேட்பதில்லை. நான் சினைப்படுத்திய மாடுகள் போட்ட நாம்பன்களில் எத்தனை உயிரோடு இரண்டு வயதைக் கண்டிருக்கும் என்று யோசித்தால் நித்திரை வராது. தேத்தண்ணியைப் பிளேன்ரீ ஆக்கிவிட்டேன். தயிரை இன்னும் விடவில்லை. என் கணக்கில் இருக்கிற ஓட்டை அது, மறைக்க விரும்பவில்லை.

உடம்பு பற்றிச் சுருக்கமாக. பி12 விற்றமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவுக்குக் கிடையாது. பாலும் முட்டையும் சேர்த்து விடுகிறவர் கட்டாயம் குளிசை எடுக்கவேண்டும், இதில் விவாதம் இல்லை. இரும்புச்சத்துக்குப் பயறு, கௌபி, கீரை. மேலே தேசிக்காய் பிழிந்தால் உடம்பு அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தால் குறையும். புரதத்துக்குப் பயப்படவேண்டாம், காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவில் இருக்கிறது. கோப்பை நிறையச் சோறும் ஒரு கரண்டி சொதியும் சைவம்தான், ஆனால் அது சாப்பாடு இல்லை.

மற்றப்படி, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்னத்தைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு உங்கள் அம்மாவின் வெள்ளிக்கிழமைக் குசினியே பதில். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பயற்றங்காய்ப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், மாங்காய்ச் சொதி, பொரித்த மோர்மிளகாய். சைவ வீடுகளில் வருடத்து வெள்ளிக்கிழமைகள் 52, நல்லூர் 25, கந்தசஷ்டி 6, நவராத்திரி, திருவெம்பாவை, சிவராத்திரி, அமாவாசை என்று கூட்டினால், ஒன்றோடொன்று விழுகிற நாளைக் கழித்தும் 80 நாளுக்கு மேல் ஏற்கனவே மச்சம் இல்லை. வேறு நாட்டில் புதிதாகப் பழகவேண்டிய சமையல் இங்கே அம்மம்மாமாரின் கையில் இருக்கிறது. கடையில் மட்டும் கவனம்: சம்பலுக்குள் மாசிக் கருவாடு ஒளிந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கூழ். இதை நான் எதிர்பார்த்தேன். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் மீன் இல்லாவிட்டால் கூழே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள், எனக்கும் முதல் இரண்டு வருடம் அது பச்சைத் துரோகமாகத்தான் பட்டது. ஒடியல் மாவை இரண்டு மணித்தியாலமாவது தண்ணீரில் ஊறவிட்டு மேல்தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கைப்புப் போகும். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் அவியவிட்டு, முருங்கையிலையைக் கடைசியில் போட்டு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலந்து, பழப்புளியில் கரைத்த மாவை ஊற்றித் துழாவுங்கள். புளியும் உறைப்பும் வழக்கத்தைவிட ஒருபடி கூட இருக்கவேண்டும், தேங்காய்ச் சொட்டுச் சின்னதாக வெட்டிப் போட்டால் கடிக்க ஏதாவது இருக்கும். நண்டும் திருக்கையும் போட்ட ருசி வராது, பொய் சொல்லமாட்டேன். வீட்டில் தனிப்பானை வைத்து அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். கிழங்கும் இலையும் அவிந்து, மா கரைத்து ஊற்றிக் கொதித்ததும், மீனைப் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு இரண்டு பனையோலைப் பிளா அள்ளி வைக்கச் சொல்லுங்கள். மீதிப் பானை அப்பாவுக்கு.